மூன்று வரி, ஒரு நாள்: வானிலை, மண், மனம் கொண்டு தினமும் குறுங்கவிதை எழுத ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பழைய வீடு. முற்றத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு தூண். அதில் சாய்ந்துகொண்டு காலையில் காபிக்கு முன்பு மூன்று வரி எழுதுவேன். இது ஒன்பதாவது ஆண்டு. இடையில் காய்ச்சல் வந்தது, கல்யாணங்கள் வந்தன, ஒரு சாவும் வந்தது. வரி நிற்கவில்லை. எனக்குத் தனித் திறமை எதுவும் இருந்து அப்படி நடக்கவில்லை, எழுதுவதற்கு ஒரு வரிசை கிடைத்ததால் நடந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கவிதை எழுத ஆசைப்படுகிறவர்கள் பலரும் "என்ன எழுதுவது" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கான பதிலை நம் இலக்கணம் என்றோ சொல்லிவிட்டது. அகப்பாடலுக்குள் வருவது எல்லாவற்றையும் தொல்காப்பியம் மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் இருக்கிற மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில். உரிப்பொருள் என்றால் மனத்தின் நிலை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக இதை அட்டவணையாக மனப்பாடம் செய்தோம். எழுதுகிறவனுக்கு இது வேலை செய்யும் முறை. முதலில் வானத்தையும் நேரத்தையும் பார், பிறகு கண்முன் இருக்கும் ஒரு பொருளைப் பார், மனம் தானாக வரும். வரிசையை மாற்றி மனத்திலிருந்து தொடங்கினால் பத்து நாளில் சரக்கு தீர்ந்துவிடும். வானிலை தீராது.

முதல் படி: ஒரே இடம், ஒரே நேரம்

திண்ணையோ, மாடிப்படியோ, சமையலறைச் சன்னலோ, பேருந்து நிறுத்தமோ, வானம் கொஞ்சமாவது தெரிகிற ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் அங்கேயே, அதே நேரத்தில் இருங்கள். அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை. இடமும் நேரமும் மாறாமல் இருந்தால்தான் மற்றவை மாறுவது தெரியும். தை மாதத்தில் என் தூணுக்கு எதிர்ச் சுவரில் வெயில் விழும் இடம் ஒன்று, ஆனியில் விழும் இடம் வேறு. அந்த இரண்டு முழத் தூரத்தைக் கவனிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

நேரத்துக்கு நம்மிடம் ஆறு சிறுபொழுதுகள் இருக்கின்றன: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். உங்கள் வேலைக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள். எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம், பலருக்குப் பொருந்தும். வேலை முடிந்திருக்கும், விளக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

நோட்டு எதுவானாலும் சரி. பக்கத்தின் தலையில் தமிழ் மாதமும் தேதியும், கீழே சிறுபொழுது. அவ்வளவு போதும். கைபேசியில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் கைபேசியைத் திறந்தால் வேறு பத்து வாசல்கள் திறக்கும். நான் பென்சிலை விடவில்லை.

இரண்டாம் படி: வானிலையை உரைநடையில் எழுது

கவிதையாக எழுத முயலவே வேண்டாம். கடிதம் எழுதுவதுபோல் இரண்டு வாக்கியம். "மப்பாக இருக்கிறது. காற்று இல்லை, புழுக்கம்." இப்படித் தொடங்குங்கள்.

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். "வெயில்", "மழை", "காற்று" என்ற மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டால் எல்லா நாளும் ஒரே நாளாகிவிடும். வெயிலில் இளவெயில் உண்டு, உச்சிவெயில் உண்டு, மேகத்துக்குப் பின்னாலிருந்து உறைக்கும் ஊமைவெயில் உண்டு. மழையில் தூறல், சாரல், தூவானம், அடைமழை, ஆலங்கட்டி மழை எல்லாம் வேறு வேறு. அடித்துப் பெய்த மழை விட்ட பிறகும் விடாமல் விழுகிற தூவானத்தை "மழை" என்று எழுதினால் அந்த நாள் தப்பிப் போய்விடும்.

காற்றுக்கு நாலு திசைக்கும் நாலு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இவை ஏட்டுச் சொற்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு புரட்டாசிக் கடைசியில் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "என்னங்கய்யா, காத்து மாறியிருக்கே" என்றேன். "கொண்டல்ல தம்பி. இன்னும் ரெண்டு நாள்ல கொண்டாந்துரும்" என்றார். வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் மழை. அன்றிலிருந்து முற்றத்தில் உட்கார்ந்ததும் எந்தக் கன்னத்தில் காற்றுப் படுகிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் ஊர் செம்மண் முதல் மழைக்கு எழுப்பும் வாசம் ஒன்று, மூன்றாம் மழைக்கு எழுப்புவது வேறு. ஓட்டுக் கூரையில் விழும் மழைக்கு ஒரு சத்தம், பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுவதற்கு ஒரு சத்தம். பழைய சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் சித்திரை மத்தியானத்திலும் குளுமை இருக்கும். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில், அதாவது எங்கள் பக்கத்துப் பூப்போட்ட தரைக்கல்லில், நில்லுங்கள். பாதமே அன்றைய வானிலையைச் சொல்லும்.

ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது? மேகமா, சத்தமா, நிழலின் நீளமா? பதில் கிடைத்தால் முதல் வரி கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: ஒரு பொருள், அதன் சரியான பெயர்

ஒன்று மட்டும். மரமும் குருவியும் நிலாவும் குளமும் ஒரே மூன்று வரியில் வந்தால் எதுவும் நிற்காது.

அந்த ஒன்றுக்கும் பெயர் வேண்டும். "ஒரு பறவை" என்று எழுதினால் வாசிக்கிறவர் மனதில் ஒரு புள்ளிதான் விழும். கரிச்சானா, செம்போத்தா, தவிட்டுக்குருவியா, மீன்கொத்தியா? பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள். வயலில் வேலை செய்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் ஊருணிப் படித்துறையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களும் சொல்வார்கள். கேட்டு வாங்கிய பெயர் மறக்காது.

பெயருக்கு அடுத்தது அது செய்கிற வேலை. தவிட்டுக்குருவி கூட்டமாகத் தத்தும், ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். கரிச்சான் கம்பியில் தனியாக உட்கார்ந்து, பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். சரியான வினைச்சொல் வந்துவிட்டால் உரிச்சொற்கள் பெரும்பாலும் தேவைப்படாது. "அழகிய", "இனிய", "மெல்லிய" மூன்றையும் என் நோட்டில் அடித்தே தீர்த்துவிட்டேன்.

முன்னோர் சொல்லிவைத்த மழைக்குறிகளும் பார்வையைப் பழக்க நல்ல துணை. தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை என்பார்கள். பலிக்கிறதா என்பது இருக்கட்டும், அவற்றைச் சரிபார்ப்பதற்காகவாவது குனிந்து எறும்பைப் பார்ப்பீர்கள்.

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பர்மாத் தேக்குத் தூண், பளிங்குத் தரை, செதுக்கிய நிலைக்கதவு எல்லாம் வியக்க வைக்கும். ஆனால் அவை எல்லோரும் படம் எடுத்துவிட்ட பொருள்கள். கவிதைக்கு அவற்றைவிட, மூலையில் சாய்த்த விளக்குமாறும், ஓலை பிரிந்துபோன கொட்டான் கூடையும், இரண்டாங்கட்டில் காயும் வற்றலும், பூட்டிய வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாயும் அதிகம் தரும். ஆத்தங்குடிப் பூத்தரையை எழுதத்தான் வேண்டும் என்றால் அதன்மேல் என்ன நடக்கிறது என்று பாருங்கள்:

உச்சிவெயில்.
ஆத்தங்குடிப் பூவில்
கன்னம் வைத்துத் தூங்கும் பூனை.

நான்காம் படி: மனத்தைப் பெயர் சொல்லி அழைக்காதே

இதுதான் கடினமான படி. முதலிரண்டு வரியும் ஒழுங்காக வந்துவிட்டால் மூன்றாவதில் "தனிமை", "வலி", "ஏக்கம்", "மௌனம்" என்று ஒரு சொல்லைப் போட்டு முடிக்கத் தோன்றும். வேண்டாம். சொல்லிவிட்டால் வாசிக்கிறவருக்குச் செய்ய வேலை இல்லை. நம் சங்கப் புலவர்கள் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வைத்திருந்தது இதற்காகத்தான். குருகையும் நண்டையும் பாடினார்கள், அதற்குள் தலைவியின் மனம் இருந்தது.

என் நோட்டிலிருந்தே ஒரு நாளைக் காட்டுகிறேன். ஆத்தா இறந்த வருடத்து ஐப்பசி. எங்கள் வீடுகளில் ஓட்டுச் சரிவுகளின் தண்ணீரெல்லாம் முற்றத்து மூலைத் தூம்பு வழியாக இறங்கும். அதன் அடியில் பெரிய கிடாரத்தை வைத்து மழைநீர் பிடிப்பார்கள். ஆத்தா அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்று முதலில் எழுதியது:

ஆத்தா இல்லாத வீட்டில்
மழை பெய்கிறது
மனமும் அழுகிறது.

எழுதியபோது கண் கலங்கியது உண்மை. மறுநாள் படித்தபோது அதில் ஆத்தாவே இல்லை. யாருடைய அம்மாவுக்கும் எழுதலாம். எந்த மழை, எந்த வீடு என்று தெரியவில்லை. இரண்டாம் முறை:

ஐப்பசி முதல் மழை.
தூம்புக்கு அடியில்
கிடாரம் வைக்க ஆத்தா இல்லை.

பொருள் வந்துவிட்டது. ஆனால் "இல்லை" என்ற சொல் இன்னும் வாசிக்கிறவரின் தோளைத் தட்டி அழச் சொல்கிறது. எழுந்து போய் அந்த மூலையைப் பார்த்தேன். பல வருடம் கிடாரம் நின்ற இடத்தில் தரை வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி முதல் மழை.
தூம்பின் அடியில் நிறைகிறது
கிடாரம் இருந்த வட்டம்.

ஆத்தா என்ற சொல்கூட இல்லை. ஆனால் எனக்கு அவர் இங்கேதான் அதிகம் இருக்கிறார். மூன்றாம் வரி மூளையில் வராவிட்டால் எழுந்துபோய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது வெளியில்தான் கிடக்கும்.

மனம் என்றால் துக்கம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எரிச்சல், நிம்மதி, வெட்கம், பசி, கடன் கவலை, காரணமில்லாத சந்தோஷம் எல்லாம் உரிப்பொருள்தான். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, முழங்கால் வலி கூடிய ஆடியில் எழுதியது இது:

ஆடிக் காற்று.
கொடியில் அப்பச்சியின் வேட்டி
ஓடுகிறது, ஓடுகிறது.

ஐந்தாம் படி: வரியை வெட்டுவது

மூன்று வரி, பத்துச் சொல்லுக்குள். இது என் அளவு. நான்கு வரி எழுதினாலும் தப்பில்லை. குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி, ஐங்குறுநூற்றில் 3 முதல் 6 அடி. சுருக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல. 1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோதும், அதன் சுருக்கத்தைத்தான் தமிழருக்கு எடுத்துக் காட்டினார். ஜப்பானிய ஹைக்கூவின் 5-7-5 அசைக் கணக்கைத் தமிழில் விரலெண்ணிப் பொருத்த வேண்டியதில்லை. நம் சொற்கள் விகுதிகளால் நீளும், கணக்குக்காகச் சொல்லை முறித்தால் காதில் இடறும். ஆனால் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற அவர்கள் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அது நம் பெரும்பொழுதுதானே.

தமிழ் வாக்கியம் நமக்குத் தரும் ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். சாதாரணமாக நம் வாக்கியம் வினையில் முடியும். "செம்போத்து வேலியில் உட்கார்ந்திருக்கிறது." இந்த "இருக்கிறது" மூன்று வரியில் ஒரு வரியின் வேலையைத் தின்றுவிடும். பெயரை முன்னால் சொல்லிவிட்டதால் கடைசியில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. வினையை முன்னுக்குக் கொண்டுவந்து பெயரில் முடித்துப் பாருங்கள், அல்லது வினையையே எடுத்துவிடுங்கள்:

மழை விட்ட வேலி.
இலையெல்லாம் இருட்டு.
செம்போத்தின் கண்.

செம்போத்தின் கண் சிவப்பு. அதைப் பார்த்தவருக்கு அந்த இருட்டில் ஒரு கங்கு தெரியும். எல்லாக் கவிதையையும் பெயரில் முடித்தால் அதுவும் ஒரே தாளமாகிவிடும், நாலுக்கு ஒன்றை வினையில் முடியுங்கள்.

"போல" என்ற சொல்லை ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். "வானம் அழுகிறது", "காற்று பேசுகிறது" என்பவற்றையும். இவை தவறான சொற்கள் அல்ல, ஆனால் பார்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிற சொற்கள். மோனை தானாக விழுந்தால் இருக்கட்டும், தேடிப் போகாதீர்கள்.

அப்புறம், வாய்விட்டுப் படியுங்கள். இது கட்டாயம். 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கும் காரைக்குடி பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கவிதை காதால் கேட்கும் பொருள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வரியை உடையுங்கள்.

ஆறாம் படி: ஆண்டின் சுற்று

ஆறு பெரும்பொழுதையும் ஒரு முறையாவது முழுதாகச் சுற்றி வாருங்கள். எங்கள் பக்கத்துக்கு என் குறிப்புகள் இவை, உங்கள் ஊருக்கு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இளவேனில், சித்திரையும் வைகாசியும். வேப்பம்பூ உதிர்ந்து திண்ணை மஞ்சளாகும், சரக்கொன்றை தொங்கும், நுங்கு வரும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் மத்தியானத் தெருவில் ஆள் இருக்காது. சாயங்காலம் திடீரென்று ஒரு கோடை இடி. ஆனியும் ஆடியும் முதுவேனில்: மேல்காற்று, செம்புழுதி, படபடக்கிற எல்லாமே. ஆவணி, புரட்டாசி கார்காலம். பனம்பழம் விழும் சத்தம் ராத்திரியில் கேட்கும். மின்னல் தூரத்திலேயே இருக்கும்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். எங்கள் வறண்ட மண்ணுக்கு இதுதான் உயிர். ஊருணி எத்தனை படி ஏறியிருக்கிறது என்று ஊரே போய்ப் பார்க்கும். கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் விழுந்தால் அன்றைக்கு வேறு எதையும் எழுதத் தோன்றாது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்குப் பறவைகள் வரும் காலமும் இதுவே. அது 1977 முதல் சரணாலயம். பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிற செய்தி அது.

தீபாவளி இரவு.
கண்மாய் மரத்தில்
ஒரு சிறகு இடம் மாறும் சத்தம்.

மார்கழி, தை முன்பனி. பிள்ளையார் நோன்பின் இழைச் சுடர், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலின் புகை, கோலத்தில் விழும் பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. புளியம்பழம் உலுக்குவார்கள், இலுப்பைப் பூ உதிரும். இந்த இரண்டு மாதமும் சத்தமில்லாமல் போய்விடும், என் நோட்டில் மிகக் குறைவான நல்ல வரிகள் இங்கேதான். அதனால் இப்போது மாசியில் கூடுதலாகப் பத்து நிமிடம் உட்காருகிறேன்.

வராத நாளில்

வராது. மாதத்தில் ஏழெட்டு நாள் வராது. அன்று பருவத்தின் பெயரையும் ஒரு பொருளின் பெயரையும் எழுதி நோட்டை மூடுங்கள். "முன்பனி. கிணற்றுக் கயிறு." போதும். படுக்கையில் கிடக்கிறீர்களா, படுக்கையிலிருந்து தெரிவதை எழுதுங்கள்:

காய்ச்சல் மூன்றாம் நாள்.
சன்னலில்
பாதி வேம்பு.

விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரண்டு எழுத வேண்டாம். நேற்றைய வானம் இன்று கிடைக்காது. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

ஏழாம் படி: திரும்பப் படிப்பது

எழுதிய அன்றே திருத்த வேண்டாம். அமாவாசைக்கு அமாவாசை அந்த மாதத்தை மொத்தமாகப் படியுங்கள். முப்பதில் மூன்று நின்றால் நல்ல மாதம். அவற்றை வேறு நோட்டில் படியெடுங்கள். படியெடுக்கும்போது கை தயங்குகிற சொல்தான் மாற்ற வேண்டிய சொல். திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையது "ஈரம்". ஒரு வருடத்தில் 40 தடவைக்கு மேல் எழுதியிருந்தேன். யாருக்காவது காட்ட நினைத்தால் இந்த இரண்டாம் நோட்டிலிருந்து காட்டுங்கள். கவிதை தெரிந்தவரைவிட அந்த மரத்தையும் மழையையும் தெரிந்தவரிடம் முதலில் காட்டுவது நல்லது. "இது இப்படி இல்லையே" என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது புதுப் பக்கத்துக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு தேதிக்கும் கீழே இடம் விட்டிருப்பீர்கள் அல்லவா, போன ஆண்டின் வரிக்கு அடியிலேயே இந்த ஆண்டின் வரியை எழுதுங்கள். கிடாரம் இருந்த வட்டத்தை எழுதிய பக்கத்தில், நாலு வருடம் கழித்து அதே ஐப்பசியில், அதே பென்சிலால் எழுதியது இருக்கிறது:

ஐப்பசி முதல் மழை.
மகள் ஓடிப்போய் வைக்கிறாள்
அவள் குளிக்கும் வாளியை.